போடாக்ஸ் ஊசி: முதன்முறை போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போடாக்ஸ் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது திரை நட்சத்திரங்களின் சுருக்கமில்லாத நெற்றிதான். இந்த நினைப்பு இரண்டு வகையினருக்குக் கெடுதல் செய்கிறது. முகச் சுருக்கத்துக்காகப் போகிறவர், பியூட்டி பார்லர் சேவைகளில் இதுவும் ஒன்று என்று எண்ணி, எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று தேடுகிறார். பக்கவாதத்துக்குப் பிறகு கைவிரல்கள் இறுக மடங்கி, சொந்த நகமே உள்ளங்கையில் குத்திப் புண்ணாகிக் கிடப்பவருக்கோ, இப்படி ஓர் ஊசி இருப்பதே தெரிவதில்லை. முதலாமவருக்கு எச்சரிக்கை வேண்டும். இரண்டாமவருக்குத் தகவல் வேண்டும். இந்தக் கட்டுரை இருவருக்கும் பொது. ஆனால் என் அக்கறை இரண்டாமவர் பக்கம் சற்று அதிகம் சாய்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை.

இந்த மருந்து அழகுக்காகப் பிறந்தது அல்ல. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணை அறுவை சிகிச்சையில்லாமல் சரிசெய்ய வழி தேடி, 1970-களில் முதலில் குரங்குகளிடமும் பிறகு மனிதர்களிடமும் இதைப் பயன்படுத்திப் பார்த்தார். 1989 டிசம்பரில் மாறுகண்ணுக்கும், கட்டுப்பாடின்றி இமை மூடிக்கொள்ளும் கோளாறுக்கும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்தது. கனடாவின் வான்கூவர் நகரில் இமைக் கோளாறுக்குச் சிகிச்சை அளித்துவந்த கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸ், ஊசி போட்டவர்களின் புருவ நடுச் சுருக்கம் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான அவருடைய கணவர் அலஸ்டெய்ர் கரூதர்ஸும் அவரும் சேர்ந்து அதை ஆராய்ந்து 1992-ல் வெளியிட்டார்கள். புருவ நடுச் சுருக்கத்துக்கு அமெரிக்காவில் முறையான ஒப்புதல் கிடைத்தது 2002-ல்தான்.

ஊசிக்குள் இருப்பது என்ன?

குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியா சுரக்கும் நஞ்சு இது. சரியாகப் பதப்படுத்தாத இறைச்சியிலும் டப்பா உணவிலும் காற்றுப் புகாத இடத்தில் வளர்ந்து, சாப்பிட்டவரின் கண், தொண்டை, மூச்சுத் தசைகளை முடக்கிக் கொல்லக்கூடியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர், கெட்டுப்போன இறைச்சிக் குழல் தின்று இறந்தவர்களின் நோய்க்குறிகளை விரிவாக எழுதினார். மிகமிகச் சிறிய அளவில் கொடுத்தால், அடங்காமல் துடிக்கும் நரம்புகளை இதே நஞ்சு அடக்கலாம் என்றும் அவர் ஊகித்தார். அந்த ஊகம் மெய்ப்பட ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

தசை சுருங்க வேண்டுமானால் நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளியே வர வேண்டும். அதை வெளியேற்ற உதவும் புரதத்தை இந்த மருந்து வெட்டிவிடுகிறது. மூளையின் கட்டளை நரம்பு வழியே வந்து சேர்கிறது. தசைக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை. ஊசி போட்ட இடத்தில் தசை தளர்கிறது. நரம்பு முனை மெல்ல மெல்லத் தன்னைச் சீராக்கிக்கொள்வதால், 3 அல்லது 4 மாதங்களில் பழைய இயக்கம் திரும்பிவிடுகிறது. வியர்வைச் சுரப்பிகளுக்கும் இதே அசிட்டைல்கோலின்தான் கட்டளை கொண்டுபோகிறது. அதனால்தான் அதிக வியர்வைக்கும் இது பயன்படுகிறது.

அளவு யூனிட்டில் சொல்லப்படும். ஒரு கூட்டம் எலிகளில் பாதியைக் கொல்லத் தேவையான அளவே ஒரு யூனிட் என்பது அதன் மூல வரையறை. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. சரியான தசையில் சரியான அளவு போட்டால், பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் நம்பகமான மருந்து இது. தவறான கையில் என்னவாகும் என்பதைத்தான் அந்த வரையறை நினைவூட்டுகிறது.

முதல் படி: உங்கள் பிரச்சினைக்கு இது பொருந்துமா, எந்த மருத்துவரிடம் போவது?

கண்ணிமைகள் தாமாக இறுக மூடிக்கொண்டு, பார்வை இருந்தும் பார்க்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் விடாமல் துடிப்பவர்களும் உண்டு. இவர்கள் கண் மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ போக வேண்டும். இத்தகைய துடிப்புக்கு இந்த ஊசியே முதன்மையான சிகிச்சை. கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டு வலிப்பவர்கள் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழுத்துச் சுளுக்கு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்துபவர்கள் இவர்களில் நிறைய.

பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் இறுகிப்போனவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊசி, இழந்த பலத்தைத் திருப்பித் தராது. இறுக்கத்தைத்தான் தளர்த்தும். ஆனால் இறுக்கம் தளர்ந்தால் உள்ளங்கையைக் கழுவித் துடைக்கலாம், நகம் வெட்டலாம், சட்டைக்குள் கையை நுழைக்கலாம், பாதம் தரையில் ஒழுங்காகப் படும். பராமரிக்கும் மனைவிக்கோ மகளுக்கோ அன்றாட வேலை எளிதாகும். நரம்பியல் மருத்துவர் அல்லது உடலியக்க மறுவாழ்வு மருத்துவர் இதைச் செய்வார். தசை நிரந்தரமாகக் குறுகி மூட்டு உறைந்துபோன பிறகு ஊசியால் அதிகப் பயனில்லை, எனவே தள்ளிப்போடாதீர்கள். மூளை முடக்குவாதத்தால் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கும் குழந்தைகளுக்கும் கெண்டைக்கால் தசையில் இந்த ஊசி போடப்படுகிறது.

ஒற்றைத் தலைவலிக்கு ஒரு தெளிவான வரம்பு இருக்கிறது. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலி, அவற்றில் குறைந்தது 8 நாட்கள் ஒற்றைத் தலைவலியின் தன்மையோடு, இப்படி 3 மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால்தான் இது பொருந்தும். 2010-ல் ஒப்புதல் பெற்ற முறைப்படி நெற்றி, பொட்டு, பின்தலை, கழுத்து, தோள் என 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒருமுறை போடப்படும். எப்போதாவது வரும் தலைவலிக்கு இதைப் போடச் சொன்னால் காரணம் கேளுங்கள். போகும் முன்பு ஒரு மாதமாவது தலைவலி வந்த நாட்களைக் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் மருத்துவரால் சரியாக முடிவெடுக்க முடியாது.

சிறுநீர்ப்பை அடிக்கடி அவசரப்படுத்தி, மாத்திரைகளும் உதவாதபோது, உட்காட்டிக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைச் சுவரில் ஊசி போடுவார்கள். இது சிறுநீரகவியல் மருத்துவரின் வேலை. ஊசிக்குப் பின் சிலருக்குச் சிறுநீர் முழுதாக வெளியேறாமல், சில வாரங்கள் குழாய் செருகி வெளியேற்ற வேண்டியிருக்கும். அதற்கு மனம் ஒப்பாதவர் இதில் இறங்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். அக்குள் வியர்வைக்குத் தோல் மருத்துவரிடம் போகலாம். ஒரு பக்கத்துக்கு 50 யூனிட் வழக்கம், பலன் ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும். உள்ளங்கை வியர்வைக்கும் போடுகிறார்கள். ஆனால் அங்கே வலி அதிகம், பிடிமானம் சில வாரங்கள் குறையலாம். தையல், தட்டச்சு, இசைக்கருவி என்று கையை நம்பிப் பிழைப்பவர்கள் இருமுறை யோசிக்கட்டும்.

இனி முகம். கண்ணாடி முன் நின்று புருவத்தை நெரியுங்கள், பிறகு தளர்த்துங்கள். நெரிக்கும்போது மட்டும் தெரியும் கோடு ஊசியில் நன்றாக மறையும். முகம் சும்மா இருக்கும்போதும் பள்ளமாகத் தெரியும் கோடு ஓரளவு மங்கும், முழுதாகப் போகாது. நெற்றிக் கிடைக்கோடுகள், புருவ நடுக்கோடுகள், கண்ணோரக் கோடுகள் ஆகிய மூன்றுமே இதன் முக்கிய இடங்கள். மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்புக்கும், தொங்கும் தாடைச் சதைக்கும், நிறத் திட்டுகளுக்கும் இது மருந்தல்ல. ஃபில்லர் ஊசி வேறு. அது பள்ளத்தை நிரப்புவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசும் இடத்தில் உட்கார வேண்டாம்.

இரண்டாம் படி: யார் கை?

ஊசி போடப்போகிறவர் பதிவு பெற்ற மருத்துவரா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் என்றால் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் பதிவு எண்ணைக் கேட்கலாம். தவறாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டியதில்லை. பதிவு மட்டும் போதாது. முகம் என்றால் தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணரோ இருப்பது நல்லது. எத்தனை ஆண்டுகளாக இதைச் செய்கிறார், ஏதாவது கோளாறு நேர்ந்தால் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற இரு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.

பியூட்டி பார்லரிலோ, ஓட்டல் அறையிலோ, தோழி வீட்டுக் கொண்டாட்டத்திலோ போட்டுக்கொள்ளவே கூடாது. 2024-ன் தொடக்க மாதங்களில் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பேர், போலி மருந்தாலும் முறையற்ற கைகளாலும் பாதிக்கப்பட்டதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. பாதிப்பேர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. 2023-ல் எடை குறைப்பதற்காகத் துருக்கியில் இரைப்பையில் இந்த மருந்தைப் போட்டுக்கொண்டவர்கள் பலருக்கு நஞ்சு உடலெங்கும் பரவியது. அவர்களில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்திலிருந்து போனவர்களும் இருந்தார்கள். எடை குறைப்பு இதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடே அல்ல. யாராவது அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆலோசனையின்போது எதையும் மறைக்காதீர்கள்

மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற தசைச் சோர்வு நோய் இருந்தால், விழுங்குவதிலோ மூச்சிலோ ஏற்கெனவே சிரமம் இருந்தால், முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். சாதாரண அளவு மருந்தே அவர்களுக்கு ஆபத்தாகலாம். ஜென்டமைசின், அமிகாசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் இதன் வேகத்தைக் கூட்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அழகுக்காக இதைப் போட்டுக்கொள்ள வேண்டாம். சில மாதங்கள் காத்திருப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. பசும்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, இதே நஞ்சு கொண்ட இன்னொரு நிறுவன மருந்தான டிஸ்போர்ட் ஆகாது. ஊசி போடும் இடத்தில் கட்டியோ சீழோ இருந்தால் அது ஆறும்வரை தள்ளிவையுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். நீலம் பாய்ந்துவிடுமே என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவது பெரும் தவறு. இதய ரத்தக்குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் வைத்தவருக்கு நெற்றியில் ஒரு நீலத் திட்டைவிட அடைபட்ட ஸ்டென்ட் எவ்வளவோ கொடியது. முன்பு இந்த ஊசி போட்டிருந்தால் எந்தப் பெயர், எப்போது, எத்தனை யூனிட் என்ற விவரத்தையும் கொண்டுபோங்கள். முகத்துக்கு என்றால், சும்மா இருக்கும்போதும் முகம் அசையும்போதும் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு புருவம் ஏறியிருக்கிறதா என்ற ஐயம் வந்தால், அது முன்பே அப்படித்தான் இருந்ததா என்று அந்தப் படம் சொல்லும்.

நான்காம் படி: குப்பியை உங்கள் கண்ணால் பாருங்கள்

போடாக்ஸ், டிஸ்போர்ட், ஜியோமின் எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் ஒன்றின் யூனிட் மற்றதற்குச் சமம் அல்ல. புருவ நடுச் சுருக்கத்துக்குப் போடாக்ஸ் 20 யூனிட் என்றால், டிஸ்போர்ட் 50 யூனிட். ‘அங்கே 20 யூனிட் சொன்னார்கள், இங்கே 50 யூனிட் அதே விலைக்குத் தருகிறார்கள்’ என்று கணக்குப் போட்டு ஏமாறுபவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். எந்த நிறுவன மருந்து, எத்தனை யூனிட், ஒரு யூனிட்டுக்கு என்ன விலை என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். ‘நெற்றிக்கு இவ்வளவு’ என்று மொத்தமாகச் சொல்லும் இடத்தில், உள்ளே எத்தனை யூனிட் போனது என்பது உங்களுக்குத் தெரியவே வராது.

மருந்து ஈரமில்லாத நிலையில், குப்பியின் அடியில் மெல்லிய படலமாகவோ தூளாகவோ இருக்கும். உங்கள் முன்னால் சலைன் சேர்த்துக் கரைக்கச் சொல்லலாம். போடாக்ஸை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். கரைத்தபின் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்கிறது அதன் மருந்துக் குறிப்பு. முந்தைய வாரம் கரைத்த மிச்சத்தை உங்களுக்குப் போட்டால் பலன் குறையலாம், தொற்றும் வரலாம். குப்பியிலுள்ள பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேர்மையான மருத்துவர் எவரும் அதற்குத் தடை சொல்ல மாட்டார்.

ஐந்தாம் படி: ஊசி நாள்

முகத்துக்கு என்றால் வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முகத்தைத் துடைத்து, புருவத்தை நெரிக்கச் சொல்லி, பேனாவால் புள்ளி வைத்து, இன்சுலின் போடுவது போன்ற நுண்ணிய ஊசியால் சிறுசிறு துளிகளாகப் போடுவார்கள். புருவ நடுவுக்கு 5 இடங்கள். எறும்புக் கடி அளவு வலி. வேண்டுமானால் மரப்புக் களிம்போ பனிக்கட்டியோ கேட்கலாம். கை, கால், கழுத்துத் தசைகளுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்தோ, தசையின் மின்னோட்டத்தைக் கேட்டோ இடத்தை உறுதிசெய்துகொண்டு போடுவது சிறந்தது. அந்த வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள், முக்கியமாக முன்கைத் தசைகளுக்கு. அங்கே ஒவ்வொரு விரலுக்கும் உரிய தசைப் பகுதிகள் நெருங்கிக் கிடக்கின்றன.

முடிந்ததும் நான்கு மணி நேரம் படுக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், அன்று கடும் உடற்பயிற்சி வேண்டாம், ஃபேஷியல் சில நாட்களுக்கு வேண்டாம் என்பார்கள். இவற்றில் சிலவற்றுக்கு ஆய்வு ஆதாரம் வலுவாக இல்லை. இருந்தாலும் கடைப்பிடிப்பதில் நட்டம் எதுவும் இல்லாததால் கேட்டு நடப்பதே நல்லது.

ஆறாம் படி: காத்திருப்பு

அன்றே முகம் மாறாது. 3 முதல் 7 நாட்களில் தளர்ச்சி தொடங்கும். இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். நான்காம் நாளே ‘ஒரு பக்கம் பிடிக்கவில்லை, இன்னும் கொஞ்சம் போடுங்கள்’ என்று ஓடாதீர்கள். பதினைந்தாம் நாள் போய்க் காட்டுங்கள், அப்போது தேவைப்பட்டால் மருத்துவர் சிறு திருத்தம் செய்வார். முதல்முறை குறைவாகப் போட்டுப் பார்ப்பதே என் பரிந்துரை. குறைவைப் பிறகு நிரப்பலாம். அதிகமாகப் போனதை வெளியே எடுக்க வழி கிடையாது.

பக்கவாத நோயாளிகளுக்கு இந்தக் காலம் காத்திருப்பு அல்ல, உழைப்பு. தசை தளர்ந்திருக்கும் இந்த 3 மாதங்களில்தான் பிசியோதெரபி, விரல்களை நீட்டும் பயிற்சி, இரவில் பட்டை கட்டிவைத்தல் எல்லாம் பயன் தரும். ஊசிக்கு மட்டும் பணம் செலவழித்துவிட்டுப் பயிற்சியைக் கைவிட்டால், தளர்ச்சி வந்ததும் போனதும் தெரியாமலே போய்விடும். ஊசி போடும் தேதியை முடிவுசெய்யும் முன்பே பிசியோதெரபிஸ்டின் நேரத்தை வாங்கிவைத்துவிடுங்கள். வீட்டில் யார் பயிற்சி கொடுப்பார் என்பதையும் பேசி முடிவுசெய்யுங்கள்.

ஏழாம் படி: எது சாதாரணம், எது அபாயம்?

ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, வீக்கம், சிறு நீலம், ஓரிரு நாள் தலைவலி ஆகியவை சாதாரணம். மருந்து சற்று நகர்ந்து இமை ஒன்று தாழ்ந்துவிடலாம். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகும். இமையைச் சற்று உயர்த்த மருத்துவர் சொட்டு மருந்து கொடுக்க முடியும். வாயைச் சுற்றிப் போட்டால் சிரிப்பு கோணலாகலாம். அதனால் முதன்முறை வருபவர் வாய்ப் பகுதியைத் தொடாமல் இருப்பது மேல்.

விழுங்க முடியாமை, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, மூச்சு வாங்குதல், உடலெங்கும் பலவீனம் ஆகியவற்றில் எது வந்தாலும் வேறு கதை. மருந்து ஊசி போட்ட இடத்தைத் தாண்டிப் பரவியிருக்கலாம். சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரங்கள் கழித்தும் வரலாம் என்பதால், அமெரிக்காவில் 2009 முதல் இந்த மருந்துகள் எல்லாவற்றிலும் கட்டம் கட்டிய எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. அழகுக்குப் போடும் சிறிய அளவுகளில் இது மிக அரிது. கழுத்துக்குப் போட்டவர்களும் தசை இறுக்கமுள்ள குழந்தைகளும் கூடுதல் கவனத்தில் இருக்க வேண்டும். இந்த அறிகுறிகளில் எது தெரிந்தாலும், மறுநாள் காலை வரை பொறுத்துப் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். என்ன மருந்து, என்று போட்டது, எத்தனை யூனிட் என்று முதலிலேயே சொல்லுங்கள், குப்பியின் படத்தைக் காட்டுங்கள். அதைத் தெரியாத மருத்துவர் பக்கவாதத்தையும் மற்ற நரம்பு நோய்களையும் தேடிக்கொண்டிருக்கும்போது நேரம் போய்விடும்.

எட்டாம் படி: அடுத்த முறை

பதினைந்தாம் நாள் செய்யும் சிறு திருத்தம் தவிர, 12 வாரத்துக்கு முன்பு மீண்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. அதிக அளவில் அடிக்கடி போட்டால் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கி, மருந்து வேலை செய்யாமலே போகலாம். நெற்றிச் சுருக்கத்துக்காகப் போட்டவருக்கு இது சிறு ஏமாற்றம். கழுத்துத் திருகலுக்காக இதையே நம்பி வாழ்பவருக்கு அது பேரிழப்பு. நிறுத்திவிட்டால் சுருக்கம் முன்பைவிட மோசமாகும் என்பது பரவலான அச்சம். அப்படி நடப்பதில்லை, முகம் பழைய நிலைக்குத் திரும்பும், அவ்வளவுதான். ஒற்றைத் தலைவலிக்காகப் போட்டவர்கள் ஒரு முறையோடு பயனில்லை என்று கைவிடாமல், இரண்டு சுற்றாவது பார்த்துவிட்டு மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுக்கலாம்.

ஒரு சிறு நோட்டில் தேதி, மருந்தின் பெயர், தொகுதி எண், மொத்த யூனிட், எந்தெந்த இடத்தில் எவ்வளவு, பலன் தொடங்கிய நாள், குறையத் தொடங்கிய நாள், வந்த பக்கவிளைவு எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும், அடுத்த ஊசியின் அளவை அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் நிர்ணயிக்க வேண்டும்.